அரிசி வாளிக்குள் நின்ற போத்தல்

முதலே சொல்லிவிடுகிறேன், எனக்கு வடிவாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. எழுத்துப் பிழை வரும். ஒன்றைச் சொல்லிக்கொண்டு போய் மற்றதை மறந்துவிடுவேன், பிறகு திரும்பி வந்து சொல்லுவேன். ஆட்களுக்கு முன்னால் கதைக்கக் கூச்சப்படுகிற ஆள் நான், கடதாசிக்கு முன்னாலும் அந்தக் கூச்சம் போகவில்லை. ஆனால் இந்தக் கதை நினைவு வந்தால் சட்டி கழுவிக்கொண்டு நிற்கிற இடத்திலேயே சிரித்துவிடுகிறேன். "எழுதி வையுங்கோ அம்மா, தனியச் சிரிச்சால் ஆக்கள் என்ன நினைப்பினம்?" என்று மகள் சொன்னாள். அதுதான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி, மகள் பிறக்க முதல். இத்தாலியில், சிசிலித் தீவின் பலெர்மோ நகரத்தில் ஒரேத்தோப் பக்கம், மூன்றாம் மாடியில் ஒரு அறையும் குசினியுமாக இருந்தோம். நான் இரண்டு வீடுகளில் துப்புரவு வேலை. இவர், என்ர மனுசன், கோடையில் மொண்டெல்லோக் கடற்கரையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுவார். மற்றக் காலத்தில் ஒரு வயதான சிஞ்ஞோரை, அதுதான் ஒரு இத்தாலிக்காரக் கிழவரை, பார்த்துக்கொள்ளுகிற வேலை. அந்த சிஞ்ஞோர் இளமையில் அமெரிக்காவுக்குப் போய் நெடுங்காலம் இருந்துவிட்டுத் திரும்பினவர். பின்னேரத்தில் இவரை முன்னால் இருத்தி, சின்னக் கிளாசில் ஒரு விரற்கடை ஊற்றிக் கொடுத்து, "இது பேர்பன். சோளத்தில் வடித்து, உள்ளே கருக்கின பீப்பாவில் வருசக்கணக்காக வைப்பார்கள். மெல்லக் குடி" என்பாராம்.

வீட்டுக்கு வந்து இவர் எனக்கு வாயை ஊதிக் காட்டுவார். "மணந்து பாரும். பனங்கட்டிப் பாணி காய்ச்சின மணம் வருதோ?"

"வெங்காய மணம்தான் வருது" என்பேன்.

பிறகு சிஞ்ஞோரை வடக்கே இருக்கிற மகள் கூட்டிக்கொண்டு போய்விட்டா. வேலை போனது, ஆனால் பேர்பன் பைத்தியம் இவரோடு தங்கிவிட்டது. பைத்தியம் என்றால் வெறிக்குக் குடிக்கிற பைத்தியம் இல்லை. ஒரு விரற்கடையை வைத்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் கதைக்கிற பைத்தியம்.

இந்தப் பைத்தியம் இன்னும் இரண்டு பேருக்குத் தொற்றியது. ஒருவர் என்ர அண்ணை. ஸ்தாசியோனே சென்ட்ராலே என்கிற பெரிய ரயில் ஸ்டேசனுக்குப் பின்பக்கம், ஒரு பெரிய கட்டடத்தின் வாசலில் காவலுக்கு இருந்தவர். மூன்று தங்கச்சிமாருக்குச் சீதனம் சேர்த்ததிலேயே அவருக்கு வயது போய்விட்டது, கலியாணம் கட்டவில்லை. இந்த ஊரில் என்ர பக்கத்து ஆள் என்று சொல்ல அவர் ஒருவர்தான். ஒவ்வொரு ஞாயிறும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. அவர் வந்து கதிரையை இழுத்துப் போட்டால்தான் எனக்கு ஞாயிறு.

மற்றவர் கீழ்மாடியில் இருந்த மொரீசியஸ்காரர். பூட்டன் காலத்தில் தமிழர், தேவாரம் பாடமாகத் தெரியும், தமிழ் கதைக்கத் தெரியாது. என்னை "அக்கா" என்பார், இவரைச் சிசிலிக்காரர் கூட்டாளியைக் கூப்பிடுகிற மாதிரி "கும்பாரே" என்பார், மிச்சமெல்லாம் இத்தாலியன். ஒரு அவ்வோகாத்தோ வீட்டில், அதுதான் கோட்டில் வழக்குப் பேசுகிற அப்புக்காத்து ஒருவரின் வீட்டில், சமையலும் கார் ஓட்டமும் பார்த்தார். அவர் இத்தாலியனில் சொன்னதை நான் தமிழாக்கித்தான் எழுதுகிறேன்.

அந்தக் காலத்தில் பலெர்மோவின் பழைய பார்களில் மேல் தட்டைப் பார்த்தால் அமெரிக்கப் போத்தல்கள் தூசி படிந்துபோய் நிற்கும். எப்போதோ ஒரு காலம் வாங்கி வைத்தது. இஞ்சத்தை ஆட்கள் கோப்பி குடிப்பார்கள், கசப்பு மருந்து மாதிரி ஒன்று குடிப்பார்கள், அதை மட்டும் ஒருவரும் தொடுவதில்லை. விலைச்சீட்டும் போட்ட காலத்து விலைதான், மஞ்சள் பூத்துப்போய். இந்த மூன்று பேரும் ஞாயிறு காலையில் முழுகி, சேட்டு மாற்றி, கோயிலுக்குப் போகிற மாதிரிப் புறப்பட்டு, பார் பாராக அண்ணாந்து பார்த்துக்கொண்டு திரிவார்கள். மத்தியானம் ஒரு போத்தலோடு வருவார்கள். நான் கணவாய் பிரட்டி, மரவள்ளி பொரித்து வைத்திருப்பேன்.

போத்தல் மேசைக்கு வந்ததும் சண்டை தொடங்கும். எனக்கு அது படம் பார்க்கிற மாதிரி. குசினிக் கதவோடு சாய்ந்து நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்பேன்.

இவருக்கு நாக்குத்தான் நீதிமன்றம். லேபலைப் பார்க்கவே மாட்டார். ஊற்று, குடி, சொல்லு. நல்லதென்றால் நல்லது, போத்தலில் பேய்ப் படம் இருந்தாலும் பரவாயில்லை.

அண்ணை குடிக்கவே மாட்டார்! அதுதான் வேடிக்கை. போத்தலின் கழுத்தில் ஒட்டியிருக்கிற பட்டிக் கடதாசியைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்ப்பார். அது என்ன நிறம், எழுத்து எப்படி, வடித்த இடம் இப்பவும் இருக்கிறதோ இழுத்து மூடிவிட்டார்களோ என்று பார்ப்பார். மூடிவிட்டார்கள் என்றால் முகம் அப்படியே மலரும். "இனி வராது, தங்கச்சி. இது இனி உலகத்தில வராது" என்பார், பிள்ளை பிறந்த செய்தி சொல்லுகிற மாதிரி. அப்படிப்பட்டதை மூடி உடைக்கவிடாமல் தன்னுடைய அறைக்குக் கொண்டுபோய்க் கட்டிலுக்குக் கீழே வைத்துவிடுவார்.

மொரீசியஸ்காரர் நடுவில் இருந்து விலைச்சீட்டைப் பார்த்துக் கணக்குப் போடுவார். "நல்லதுதான் கும்பாரே. ஆனால் இந்த விலைக்கு நல்லதோ? போன கிழமை வாங்கினது இதில பாதி விலை. இது அதைவிட ரெண்டு மடங்கு ருசியோ? சொல்லு, ரெண்டு மடங்கோ?"

"ருசியை ஆரடாப்பா மடங்கில அளக்கிறது?"

"கடைக்காரன் விலையை மட்டும் மடங்கில வாங்கினான்தானே!"

இப்படியே போகும்.

ஒரு கார்த்திகை மாதம், ஸ்டேசன் பக்கத்தில் ஒரு கிழவி சிஞ்ஞோராவின் பாரில், மேல் தட்டின் மூலையில், ஒரு போத்தலைக் கண்டுவிட்டார்கள். லேபலில் ஒரு பாலத்தின் படம். அண்ணைக்கு வேர்த்துவிட்டது. வடித்த இடம் எப்பவோ மூடினதாம், கழுத்துப் பட்டியும் கிழியவில்லையாம். இவர் அந்த சிஞ்ஞோர் வீட்டில் ஒரேயொருக்கா அதைக் குடித்திருக்கிறார், சொல்லும்போதே கண்ணை மூடிவிட்டார். மொரீசியஸ்காரர் விலைச்சீட்டைப் படித்துவிட்டார். அந்த விலைக்கு இப்ப ஒரு கிலோ நல்ல இறால் வராதாம். மூன்று பேரும் ஒரே போத்தலுக்குத் தலையாட்டினது அதுதான் முதல் தடவை.

ஆனால் வாங்காமல் வெறுங்கையோடு வந்து நிற்கிறார்கள்.

"நாங்கள் மூண்டு பேரும் அண்ணாந்து பார்த்ததைக் கிழவி கண்டிட்டுது. நாங்கள் கேட்டால் விலை ஏறும். அக்கா போய்க் கேட்கட்டும்" என்று மொரீசியஸ்காரர் சொன்னார்.

"நானோ! நான் போய்ச் சாராயம் கேக்கிறதோ? ஆராவது கண்டால்?"

"கேக் செய்யக் கேக்கிறன் எண்டு சொல்லு, தங்கச்சி. இஞ்சை எல்லாரும் கேக்குக்கு விடுறவைதானே" என்றார் அண்ணை.

அண்ணை கேட்டு நான் எதை மறுத்தேன்? நல்ல சீலையைக் கட்டி, மேலே பெரிய குளிர் கோட்டைப் போட்டு, அவர்கள் பாடமாக்கித் தந்த இத்தாலியன் வசனத்தைப் பஸ்சில் இருந்தபடி செபம் மாதிரிச் சொல்லிக்கொண்டே போனேன். மூன்று பேரும் எதிர்ப்பக்கம் பேப்பர்க் கடையில் நின்று ஒரே பேப்பருக்குப் பின்னால் மூன்று தலையையும் ஒளித்துக்கொண்டார்கள். பாருக்குள் போனதும் வசனம் முழுக்கப் பறந்துபோனது. மேலே விரலைக் காட்டி, "தோர்த்தா" என்று மட்டும் சொன்னேன். கேக்.

கிழவி மேலே பார்த்தா, என்னைப் பார்த்தா. "அந்தப் போத்தலைக் கேக்குக்கோ? என்ன கேக்?"

எனக்குத் தெரிந்த கேக் ஒன்றுதான், எங்கட ஊரில் வருசம் பிறக்கச் செய்கிற பழக் கேக். முந்திரிகைவற்றல், பூசணி அல்வா, ரவை, முட்டை பதினைந்து என்று கையாலும் காலாலும் சொன்னேன். பதினைந்து முட்டை என்றதும் கிழவிக்கு ஆசை வந்துவிட்டது. கதிரையில் ஏறி, போத்தலை எடுத்து, தூசியை ஊதி, மஞ்சள் சீட்டில் இருந்த அதே விலைக்குத் தந்தா. "செய்தால் எனக்கும் ஒரு துண்டு கொண்டு வா" என்றா.

வெளியே வந்து நான் கோட்டைக் கொஞ்சம் விலத்திப் போத்தலின் கழுத்தைக் காட்டினேன். பேப்பருக்குப் பின்னால் மூன்று தலையும் ஒன்றாய்த் துள்ளியதை நீங்கள் பார்த்திருக்கவேண்டும்.

கேக்கையும் நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மஸ்சுக்கு, செய்து கொண்டுபோனேன். ஆனால் பேர்பனில் ஒரு துளி எடுக்க மூன்று பேரும் விடவில்லை, ஆகக் குறைந்த விலைப் பிராண்டி விட்டுத்தான் செய்தேன். கிழவி ஒரு துண்டைக் கடித்து, கண்ணை மூடி, "பார்த்தியா, நல்ல பேர்பன் விட்டால் அது தெரியும்" என்றா. இவரிடம் வந்து சொன்னேன். பேர்பனுக்கே அவமானம் என்று இவர் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை!

சரி, போத்தலை எங்கே வைக்கிறது? எங்கள் அலுமாரியில் வைத்தால் இவர் திறந்துவிடுவார் என்று மற்ற இருவருக்கும் பயம். கீழ்மாடியில் வைத்தால் விற்றுப்போடுவார் என்று இவருக்குப் பயம். அண்ணையின் கட்டிலுக்குக் கீழே போனால் சாகும்வரை வெளியே வராது என்று இரண்டு பேருக்கும் பயம். கடைசியில் என்ர அரிசி வாளிக்குள் வைக்கத் தீர்மானித்தார்கள். உள்ளே இருட்டு, குளிர்ச்சி, குடிக்காத ஆளின் காவல். அண்ணை ஒரு சட்டம் போட்டார். "படுக்க வைக்கக்கூடாது, தங்கச்சி. கிடந்தால் சாராயம் தக்கையைத் தின்னும். நிமிந்துதான் நிக்கவேணும்." அப்படியே நிமிர்ந்து நின்றது, கழுத்துவரை அரிசிக்குள். நான் சுண்டு என்கிற அளவுப் பேணியால் அரிசி அள்ள அள்ள, அது மெல்ல மெல்ல எழும்பி, என்னை எட்டிப் பார்க்கும். தோள் தெரியத் தொடங்கினால் அண்ணைக்குப் பொறுக்காது. அடுத்த ஞாயிறு ஒரு பை அரிசியோடு வருவார். அந்தக் காலத்தில் நாங்கள் அரிசி வாங்கினதே இல்லை.

தை மாதம் வந்தது வினை. மொரீசியஸ்காரர் வாய் சும்மா இருக்காமல் தன்ர அவ்வோகாத்தோவிடம் போத்தலைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அந்தாள் தான் வாங்குகிறேன் என்று, நாங்கள் கொடுத்ததைப்போலப் பல மடங்கு சொல்லிவிட்டாராம். ஞாயிறு சாப்பாட்டில் இதை எடுத்துப் போட்டார்.

"விப்பம் கும்பாரே. அந்தக் காசில நல்லது ஆறு வாங்கலாம். ஆறு!"

"ஆறு வாங்கலாம், இதை வாங்கேலாது" என்றார் அண்ணை.

"விக்கவும் வேண்டாம், வைக்கவும் வேண்டாம். சாராயம் குடிக்கத்தான் வடிச்சவங்கள். இண்டைக்கே உடைப்பம்" என்று இவர் எழும்பினார்.

அண்ணை சிரித்துக்கொண்டுதான் சொன்னார். "உனக்கு நாக்கு இல்லை மச்சான். தொண்டை மட்டும்தான் இருக்கு. எதை ஊத்தினாலும் இறங்கும்."

இவருக்கு அது சுட்டுவிட்டது. தன்ர நாக்கை ஒருவர் குறை சொல்லுகிறதோ! "அப்ப நீ அந்தப் போத்தலைக் கலியாணம் கட்டிக்கொண்டு இரு" என்றார்.

சொல்லி வாய் மூடமுதல் இவருக்கே தெரிந்துவிட்டது, அது சொல்லக்கூடாத சொல் என்று. அண்ணை கோப்பையில் பாதிச் சோறு கிடக்கக் கையைக் கழுவினார். "வாறன் தங்கச்சி" என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. நான் பழக்கத்தில் நாலு பேருக்கு உலை வைத்துவிட்டுச் சோற்றைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். இவர் போய் ஒரு வார்த்தை கேட்கலாம், கேட்கமாட்டார். "அவன்தானே முதல் தொடங்கினவன்" என்பார். அண்ணைக்கு ரெலிபோன் எடுத்தால் "வேலை கூட" என்பார். ஞாயிற்றுக்கிழமை வாசற்காவலுக்கு என்ன வேலை கூட? அரிசியும் இறங்கிக்கொண்டே போனது. போத்தலின் தோள் தெரிந்தது, பாலம் தெரிந்தது. ஒவ்வொரு நாளும் அரிசி அள்ளும்போது அதைப் பார்த்து, "உன்னாலதான்" என்று திட்டுவேன். அது பாட்டுக்கு நிமிர்ந்து நிற்கும்.

மாசியில் எங்கட ஐயாவின், அதுதான் அப்பாவின், திவசம். அண்ணை தன்ர அறையில் விரதம் பிடித்து, காகம் இல்லாத குறைக்குப் புறாவுக்குச் சோறு வைத்து முடிப்பார். ஆனால் அடுத்த நாள் மீன் இறைச்சியோடு மச்சப் படையல். மற்ற வீடுகளில் அது செத்த எட்டாம் நாள் எட்டுச் செலவோடு முடிந்துவிடும், எங்கட வீட்டில் வருசா வருசம் உண்டு. செத்தவர் விரும்பிச் சாப்பிட்டது எல்லாம் காய்ச்சி, சுருட்டும் சாராயமும் வைத்துப் படைக்கிறது. ஐயாவுக்குச் சாராயம் இல்லாமல் படையல் இல்லை. ஒருமுறை சித்தப்பா அவசரத்தில் மூடி திறக்காத போத்தலை வைத்துவிட்டார் என்று அம்மா பெரிய சத்தம் போட்டா. "அந்த மனுசன் என்னண்டு குடிக்கிறது, பல்லாலயோ கடிச்சுத் திறக்கிறது?" என்று கேட்டா.

சுண்டும் கையுமாக வாளிக்கு முன்னால் நிற்கும்போது இது நினைவு வந்தது. அப்படியே அரிசிக்குள் சுண்டைப் போட்டுவிட்டு ரெலிபோனுக்கு ஓடினேன்.

"அண்ணை, நாளையிண்டைக்கு ஐயாவின்ர படையல். நீதான் வைக்கவேணும்."

"ஓம், வாறன். வைச்சிட்டு உடனே போயிடுவன்" என்றார். பிறகு, "சாராயத்துக்கு என்ன செய்தனி?"

"பாலப் போத்தல் இருக்குத்தானே."

"உனக்கென்ன விசரோ! வேறை ஒண்டு வாங்கன். எத்தினை மலிஞ்சது கிடக்கு."

"ஐயாவுக்கு மலிஞ்சதோ, அண்ணை?"

மெல்ல, குழந்தைப்பிள்ளை கேட்கிற மாதிரி, "மூடியோட வைக்கேலாதோ?"

"ஐயா என்னண்டு குடிக்கிறது, பல்லாலயோ?"

அந்தப் பக்கம் ஒரு மூச்சு வந்தது. சிரிப்போ அழுகையோ தெரியவில்லை. "சரி" என்று வைத்துவிட்டார்.

இவரிடம் சொன்னேன். "மாமாவுக்கு எண்டால் நான் என்ன சொல்லுறது?" என்றார், வாய் காதுவரை போனதை மறைக்கத் தெரியாமல். கீழே போய் மொரீசியஸ்காரரிடம் பயந்து பயந்துதான் சொன்னேன், அவர் கனவில் எண்ணி வைத்த காசல்லோ. அவர் தலையில் கை வைத்து "மம்மா மியா" என்றார். பிறகு எழும்பி நின்று, "எங்கட இடத்திலயும் முனிச் சாமிக்கு ரம் வைப்பம் அக்கா. ஒருத்தருக்கெண்டு பேர் சொல்லிப்போட்டால் பிறகு விக்கேலாது" என்றார். படையலண்டு தன் அவ்வோகாத்தோவின் தோட்டத்தில் இருந்தே ஒரு தலைவாழையிலை வெட்டிக்கொண்டு வந்தார். போத்தலை வாங்கக் கேட்ட அதே ஆளின் வாழை!

அண்ணை வந்தார். கையில் சுருட்டு. இவரும் அவரும் ஆளையாள் பார்க்காமல், ஒருவர் சுவரையும் மற்றவர் யன்னலையும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஐயாவின் படத்துக்கு முன்னால் இலை போட்டு, ஆட்டிறைச்சி, கணவாய், மீன் பொரியல், முட்டை எல்லாம் வைத்தேன். வாளிக்குள் கையை விட்டுப் போத்தலைத் தூக்கினேன். அரிசி சலசலவென்று உதிர்ந்தது. முந்தானையால் துடைத்து அண்ணையிடம் கொடுத்தேன்.

கழுத்துப் பட்டியை அண்ணை கிழிக்கவில்லை. பிளேட்டால், தையல் பிரிக்கிற மாதிரி, மெல்ல மெல்லக் கிளப்பினார். தக்கையைத் திருகினார். படக் என்று பாதித் தக்கை கையோடு வந்தது, மற்றப் பாதி உள்ளே விழுந்து தூள் தூளாய் மிதந்தது. அண்ணையின் முகம் வெளிறிவிட்டது. இவர் குசினிப் பக்கம் போனார். தேத்தண்ணி வடியைக் கொண்டுவந்து, ஐயாவின் கிளாசுக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றார். அண்ணை ஊற்றினார். வடியில் தக்கைத்தூள் நின்றது, கிளாசுக்குள் செம்மஞ்சளாய் இறங்கியது.

சாம்பிராணி காட்டி, சுருட்டைப் பற்றவைத்து, எல்லோரும் வெளியே வந்து குசினிக் கதவைச் சாத்தினோம். படைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் விலகி நிற்கவேண்டும், செத்தவர் வந்து ஆறுதலாகச் சாப்பிட. எங்கள் வீட்டு நடை ஒரு ஆள் போகிற அகலம். அதற்குள் நாலு பேர், நெஞ்சும் முதுகுமாக. கதவுக்குக் கீழே ஒரு இடைவெளி. அதால் இறைச்சி மணம் வந்தது, சுருட்டு மணம் வந்தது, பிறகு அது வந்தது. எனக்குக்கூடத் தெரிந்தது. பனங்கட்டிப் பாணி.

மொரீசியஸ்காரர் குனிந்தார். பிறகு இவர் குனிந்தார். பிறகு, கடவுளே, அண்ணையும் குனிந்தார். கதவடியில் மூன்று மூக்கு.

"மணக்குதோ?" என்றார் அண்ணை. ஆரைப் பார்த்துக் கேட்டார் என்று இல்லை.

"ஓம், மணக்குது" என்றார் இவர்.

"மாமா முடிச்சிருப்பாரோ?" என்று இவரே திரும்பக் கேட்டார்.

"பொறு மச்சான். ஐயா ஆறுதலாக் குடிக்கிறவர்" என்றார் அண்ணை.

மச்சான் என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குச் சிரிப்பு பிய்த்துக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். மூன்று பேரும் குனிந்தபடியே திரும்பிப் பார்த்தார்கள். அதைப் பார்க்க இன்னும் கூடிவிட்டது.

கதவைத் திறந்ததும் மொரீசியஸ்காரர் ஓடிப்போய் ஐயாவின் கிளாசைப் பார்த்து, "குறைஞ்சிருக்கு! சத்தியமாக் குறைஞ்சிருக்கு! எவ்வளவு பெறுமதி தெரியுமோ அக்கா, உங்கட ஐயா குடிச்சது?" என்று கத்தினார்.

படைத்ததை எல்லோரும் கொஞ்சமாவது வாயில் போடவேண்டும் என்பது முறை. அண்ணைக்கும் ஊற்றினார்கள். அவர் மணந்தார். பிறகும் மணந்தார். பிறகும்.

"மச்சான், மூக்காலயோ குடிக்கப்போறாய்?" என்றார் இவர்.

அண்ணை ஒரு மிடறு எடுத்தார். இவ்வளவு காலமும் போத்தல் சேர்த்த மனுசன் வாயில் வைத்த முதல் மிடறு. கண் பெரிதாகியது. விழுங்கவும் மனமில்லை, வைத்திருக்கவும் ஏலாது. விழுங்கினார். "இதுவோ இவ்வளவு நாளும் அரிசிக்குள்ள நிண்டது?" என்றார். பிறகு, "ஐயோ, இது முடிஞ்சிடுமே!"

"முடியட்டும். உன்ர கட்டிலுக்குக் கீழ எத்தினை கிடக்கு!" என்று இவர் சொன்னார். பிறகு குரல் இறங்கி, "மச்சான், அண்டைக்கு நான் வாய் தவறி..."

"விடடாப்பா. ஊத்து" என்றார் அண்ணை.

"மெல்ல, மெல்ல! இப்ப விழுங்கினது என்ர ஒரு கிழமைச் சம்பளம்!" என்று மொரீசியஸ்காரர் தலையில் அடித்துக்கொண்டே தன் கிளாசையும் நீட்டினார்.

பிறகு என்னைப் பார்த்தார்கள். முறை என்றால் எனக்கும்தானே. இவர் தேக்கரண்டியில் ஊற்றித் தந்தார், காய்ச்சல் மருந்து மாதிரி. கண்ணை மூடி விழுங்கினேன். முதலில் நெருப்பு. தொண்டையால் இறங்கி, திரும்பி ஏறி, இரண்டு காதாலும் வெளியே போன மாதிரி. அதற்குப் பிறகு ஒரு இனிப்பு வந்தது, எங்கே இருந்து வந்ததோ. உச்சந்தலையில் ஆரோ கூசப்பண்ணின மாதிரி இருந்தது. ஐயாவின் படத்தைப் பார்த்தேன், ஐயாவும் சிரிக்கிற மாதிரி இருந்தது.

"இஞ்சாருங்கோ" என்றேன், நல்ல சத்தமாக. "இன்னொரு கரண்டி."

வீடு அதிர்ந்தது. மொரீசியஸ்காரர் சுவரில் அடித்து அடித்துச் சிரித்தார். அண்ணை நிலத்தில் இருந்துவிட்டார். இவர் கரண்டியும் கையுமாக வாயைப் பிளந்துகொண்டு நின்றார். பிறந்ததில் இருந்து ஆம்பிளையளுக்கு முன்னால் சத்தமாக வாய் திறக்காத எனக்கு எங்கே இருந்து அந்தத் துணிவு வந்ததோ, கரண்டியைப் பிடுங்கி மூன்று பேரையும் நோக்கி நீட்டினேன்.

"கேளுங்கோ மூண்டு பேரும். போத்தல் இருந்தாலும் இல்லாட்டிலும் ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் இஞ்சை வரவேணும். இனி ஆராவது பாதிச் சோத்தில கை கழுவினால், பிறகு ஒரு மாதத்துக்கு வெறும் கீரையும் பருப்பும்தான்!"

"ஓம் தங்கச்சி" என்றார் அண்ணை நிலத்தில் இருந்தபடி. "ஓம் அக்கா" என்றார் மொரீசியஸ்காரர். இவர் எனக்குக் கரண்டியை நிரப்பித் தந்தார்.

பின்னேரம் அண்ணை வெறும் போத்தலைக் கழுவி, கிளப்பின பட்டிக் கடதாசியைத் திரும்ப ஒட்டி, துவாயில் சுற்றிக் கொண்டுபோனார். அடுத்த ஞாயிறு உலை கொதிக்க முதலே வந்துவிட்டார், கதிரையை இழுத்துப் போட்ட சத்தம் குசினிவரை கேட்டது. கையில் ஒரு பை அரிசி. வாளிக்குள் இப்ப போத்தல் இல்லை என்பதை மறந்துபோய் வாங்கி வந்திருக்கிறார்.

இவ்வளவுதான் கதை. இதில் சில விசயம் எனக்கு வடிவாக நினைவில்லை, ஆராவது சரிபார்த்துத் தரவேணும். அந்தக் கழுத்துப் பட்டி பச்சையோ சிவப்போ? பச்சையென்றால்தான் திறம் என்று அண்ணை சொல்லுவார், அவரிடம் அந்தப் போத்தல் இப்பவும் இருக்கிறது, கேட்டு எழுதுங்கோ. அண்டைக்கு நான் குடித்த கரண்டியின் கணக்கையும் பாருங்கோ. நான் இரண்டு என்றுதான் நினைக்கிறேன். இவர் நாலு என்கிறார். அண்ணையைக் கேட்டால் ரெலிபோனில் சிரிக்கிறார், எண்ணிக்கை சொல்லுகிறார் இல்லை. மொரீசியஸ்காரர் காசுக் கணக்கில்தான் சொல்லுவார், அதைக் கரண்டியாக்க எனக்குத் தெரியாது. அண்டைக்கு அந்த வீட்டில் வெறி இல்லாமல் தெளிவாக இருந்தது ஐயாவின் படம் மட்டும்தான், அவரைக் கேட்கவும் ஏலாது.